தொட்டில் கற்றுக்கொடுத்த தமிழ்

தமிழுக்குத் தொண்டு செய்த ஐரோப்பியப் பாதிரிமாரைப் பற்றிப் பேசப் புகுவோர் வழக்கமாக ஒரு வரிசையைச் சொல்வார்கள். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து, காவியுடுத்தி, புலால் மறுத்து வாழ்ந்த தத்துவ போதகர் என்னும் நொபிலி. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். 1856இல் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல். குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன போப். நமது யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொண்டால், ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தை மொழிபெயர்த்த பேர்சிவல் பாதிரியாரும், அகராதி தந்த வின்சிலோவும் நினைவுக்கு வருவார்கள். இவர்கள் எல்லோரும் ஆண்கள். பண்டிதர்களிடம் பாடங் கேட்டுத் தமிழ் கற்றவர்கள். ஏடும் எழுத்தாணியுமாக இருந்த தமிழே இவர்களுக்குக் கிடைத்த தமிழ்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த வரிசையில் இடம்பெறாத ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் தமிழில் காவியம் செய்யவில்லை. இலக்கணம் எழுதவில்லை. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆயினும் தமிழ் வாழ்க்கைக்குள் அவர் புகுந்த ஆழத்துக்கு மேற்சொன்ன பண்டிதர்களில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது எனக்குச் சந்தேகமே. ஏனென்றால், அவருக்குத் தமிழையும் தமிழ் வாழ்க்கையையும் கற்றுக்கொடுத்தவை குழந்தைகள்.

அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். வட அயர்லாந்தின் கடலோரக் கிராமமாகிய மில்ஐலில் 1867இல் பிறந்தார். தந்தையார் மாவாலை வைத்திருந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகளுள் மூத்தவர் ஏமி. பெல்பாஸ்ட் நகரின் நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்களிடையேதான் அவருடைய பணி ஆரம்பமாகியது. அந்தப் பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதியில்லை. தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். கனவான்களும் சீமாட்டிகளும் வருகின்ற ஆலயத்துக்கு இப்படிச் சால்வைக்காரிகளைக் கூட்டிவருவதா என்று முணுமுணுப்பு எழுந்தது. 1889இல், அவர்களுக்கென்றே தகரத்தாலான ஒரு மண்டபத்தைக் கட்டுவித்தார் ஏமி. உடை என்பது மனிதருக்கும் மனிதருக்கும் இடையே எப்படி ஒரு வேலியாக நிற்கிறது என்பதை அவர் முதன்முதலில் கண்டது தம் சொந்த நாட்டிலேதான்.

இரண்டாவது தடவை அதைக் கண்டது யப்பானில். 1893இல் அங்கு போனார். நோயுற்றிருந்த ஒரு மூதாட்டியிடம் துணைக்கு வந்த யப்பானியப் பெண்ணின் வாய்மொழியாகச் சமயம் பேசிக்கொண்டிருந்தார். மூதாட்டியும் மனங்கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுடைய பார்வை ஏமியின் கையில் இருந்த மென்மயிர்க் கையுறையில் விழுந்தது. இது என்ன, எதனால் செய்தது என்று விசாரிக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான், பேச்சு அறுந்துபோயிற்று. வீட்டுக்குத் திரும்பிய ஏமி ஆங்கில உடையைக் களைந்துவிட்டுக் கிமோனோ அணிந்துகொண்டார். உடல்நிலை இடங்கொடாமையால் யப்பானை விட்டுப் புறப்பட்டவர், 1894இல் நமது இலங்கையிலும் சில மாதங்கள் தங்கிப் பணிசெய்தார் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. பின்னர் ஊருக்குப் போய், 1895 நவம்பரில் இந்தியா வந்து சேர்ந்தார். அதன் பிறகு, ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒரு தடவையேனும் அவர் பிறந்த நாட்டுக்குத் திரும்பவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வாக்கர் என்னும் பாதிரியாரிடம் தமிழ் கற்றார். பொன்னம்மாள் என்ற இளம் விதவையையும் வேறு சில பெண்களையும் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊரூராகப் போனார். சேலை உடுத்தினார். இதில் அவர் முதல்வர் அல்லர். இரட்சணிய சேனையினர் 1882இலேயே இந்திய உடையில் வந்திறங்கினார்கள். ஆனாலும் பங்களாவும் பட்லரும் பிற்பகல் தேநீருமாக வாழ்ந்த மற்றத் துரைசானிமாருக்கு இது உவப்பாக இருந்திராது என்று ஊகிக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்காரி சேலை கட்டினார். அவரோடு போன தமிழ்ப் பெண்களோ தம் நகைகளைக் கழற்றினார்கள். கழுத்திலும் காதிலும் பொன் இல்லாத பெண்ணை அந்தக் காலத்துத் தமிழ்ச் சமூகம், கிறிஸ்தவச் சமூகம் உட்பட, எப்படி நோக்கியிருக்கும் என்பதை நாம் அறிவோம். பொன்னம்மாளும் மற்றவர்களும் தம் விருப்பத்தோடுதான் கழற்றினார்கள் என்று ஏமி எழுதுகிறார். அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒருவர் மற்றவரின் பண்பாட்டுக்குள் வரும்போது எதை எடுத்துக்கொள்கிறார், எதை வாசலில் கழற்றிவைக்கச் சொல்கிறார் என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும். சேலை ஏற்புடையதாக இருந்தது. அட்டியலும் தோடும் ஏற்புடையனவாக இல்லை.

அந்தச் சேலையால் அவர் எதிர்பார்த்த பலன் பெரிதாகக் கிடைத்ததென்று சொல்ல முடியாது. 1903இல் வெளியான அவருடைய முதல் பெரிய இந்திய நூல், உள்ளது உள்ளபடி என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. ஊர்ப் பெண்கள் கேட்டதையும் கேளாமல் விட்டதையும், கதவடைத்ததையும், நகைத்ததையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதன் கையெழுத்துப் பிரதியை முதலில் பார்த்தவர்கள், இன்னும் கொஞ்சம் நம்பிக்கையூட்டும் விதமாக எழுதித் தாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்களாம். அவர் மாற்றி எழுத இணங்கவில்லை. மிஷன் இலக்கியம் என்றால் வெற்றிக் கதை என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான காரியம். எனக்கு அவரிடம் முதலில் மதிப்பு ஏற்பட்டது இந்தச் செய்தியை அறிந்தபோதுதான்.

அவருடைய வாழ்க்கை திசைமாறியது 1901 மார்ச் 7ஆம் திகதி காலையில். பெருங்குளம் கோவிலைச் சேர்ந்த பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முதல் நாள் மாலை அங்கிருந்து ஓடினாள். பிரீனா என்பது அவள் பெயர். அதற்கு முன்னரும் ஒரு முறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் போயிருக்கிறாள். தெய்வத்துக்குக் கொடுத்த பிள்ளையை வைத்திருக்கத் தாய்க்குப் பயம். தேடிவந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குத் தண்டனையாகக் குழந்தையின் கைகளில் சூடு வைத்தார்கள். இரண்டாவது தடவை ஓடியவளைப் பண்ணைவிளையில் ஒரு கிறிஸ்தவப் பெண் கண்டு, மறுநாள் காலை ஏமியிடம் அழைத்துவந்தாள். ஏமி அப்போது அந்த ஊருக்குத் திரும்பிவந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து முத்தமிட்டார் ஏமி. அவர் செய்தது அவ்வளவே. என் அம்மாவும் என்னை இப்படித்தான் மடியில் வைத்திருப்பாள், அன்றிலிருந்து இவர் எனக்கு அம்மா என்ற கருத்துப்படப் பிற்காலத்தில் பிரீனா நினைவுகூர்ந்திருக்கிறாள். கோவிலில் நடப்பதைத் தன் பொம்மையைக் கொண்டு அந்தக் குழந்தை விளக்கிக் காட்டியபோதுதான், தாம் இத்தனை காலம் ஊரூராகப் போயும் காணாத ஓர் உலகம் உண்டென்று ஏமிக்குப் புரிந்தது.

அதன் பிறகு சில ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் துப்பறிதல். கையிலும் முகத்திலும் கோப்பிச் சாயத்தைப் பூசிக்கொண்டு இந்தியப் பெண்ணைப் போலக் கோவில்களுக்குச் சென்றார் என்று சொல்லப்படுகிறது. சிறுமியாக இருந்தபோது, தம் கபில நிறக் கண்கள் நீலமாக மாறவேண்டுமென்று இரவில் ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தவராம். நீலக் கண்ணோடு கோவில் வாசலைத் தாண்டியிருக்க முடியாதல்லவா என்று அவரைப் பற்றி எழுதுவோர் இந்தக் கதையை விரும்பிச் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் என் மனதில் நிற்பது இந்த வேடம் அன்று. வேடத்தை மாலையில் கழுவிவிடலாம். அதன்பின் வந்தது கழுவ முடியாதது.

1904இல் கைக்குழந்தைகள் வரத் தொடங்கின. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், டோனாவூர் என்ற சிற்றூரில் அப்போது ஏமி குடியிருந்தார். (இந்தப் பெயரின் வரலாறு சுவையானது. இரேனியஸ் பாதிரியார் அந்த ஊரை ஏற்படுத்தப் பணம் உதவிய பிரஷிய நாட்டுப் பிரபுவின் பெயர் டோனா. அதோடு நம்முடைய 'ஊர்' ஒட்டிக்கொண்டது.) பிறந்து சில நாட்களேயான சிசுக்களுக்குப் பால் வேண்டும். பிறர் பிள்ளைக்கு முலைகொடுக்க ஊர்ப் பெண்கள் முன்வருவது அரிது. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. டொக்டர் இருந்த இடமோ ஒரு நாளுக்கு மேற்பட்ட வண்டிப் பயணத் தூரம். 1905 தொடக்கத்தில் இந்திரநீலா என்று அவர்கள் பெயரிட்ட குழந்தை இறந்தது. வேறு குழந்தைகளும் இறந்தன. லண்டன் மிஷன் வைத்தியசாலை இருந்த நெய்யூரில் ஒரு வீட்டை எடுத்து, நோஞ்சான் பிள்ளைகளைப் பொன்னம்மாளின் பொறுப்பில் அங்கே வைத்தார்கள்.

பீங்கான் கழுவுவது, துணி அலசுவது, மலஞ்சலம் எடுப்பது. இவையெல்லாம் சாதிப் பெண்கள் கைதொடாத வேலைகள். உதவிக்கு வந்த பெண்களில் சிலர் முகஞ் சுளித்தபோது, பொன்னம்மாள் ஒன்றும் பேசாமல் தாமே செய்யத் தொடங்கினார். ஆகவே, பழக்கத்தை மாற்றிக்கொண்டது அயர்லாந்துப் பெண் மாத்திரம் அன்று. திருநெல்வேலிப் பெண்களும் அந்தத் தொட்டில்களைச் சுற்றி நின்று தம் பண்பாட்டின் ஒரு பகுதியைக் கழற்றிவைத்தார்கள். நகையைக் கழற்றியதிலும் இது பெரிய கழற்றல் என்றே கருதுகிறேன். பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் இறந்தார். ஏமி அவருடைய வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார்.

ஊரூராகப் போய்ப் பிரசங்கம் செய்ய வந்தவர் இப்பொழுது வீட்டோடு கிடந்தார். ஆயா வேலை பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவரே தம்மைக் கேட்டுக்கொண்டதும் உண்டு. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று தமிழர்கள் சொல்வார்களே, அது தமக்கு நேர்ந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பழமொழியை ஐரோப்பியர் பலர் திரட்டி அச்சிட்டிருக்கிறார்கள், பேர்சிவல் பாதிரியாரும் திரட்டினார். ஒரு பழமொழி தம் காலைக் கட்டுவதை உணர்ந்தவர் வேறு யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

டோனாவூரில் உறவு முறைகள் அமைந்த விதத்தைப் பாருங்கள். ஏமி எல்லோருக்கும் அம்மா. குழந்தைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காமார். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் சித்திமார். ஆண்கள் அண்ணாச்சிமார். 'மிஸ்' இல்லை, 'மேடம்' இல்லை. அநாதை விடுதி என்றால் மேற்பார்வையாளரும் மணியும் வரிசையும்தான் என்றிருந்த காலத்தில் ஒரு தமிழ்க் கூட்டுக் குடும்பத்தின் சொல்லமைப்பை எடுத்து அப்படியே அவர் பொருத்திவிட்டார். சித்தி என்ற சொல்லைத் தேர்ந்தது கெட்டிக்காரத்தனம். தாய்க்கு அடுத்தவள், ஆனால் தாய் அல்லள்.

குழந்தைகளின் பெயர்களும் அவ்வாறே: தாரா, லீலா, லோலா, செல்லாலு. இதை வாசிக்கும்போது என் மனம் யாழ்ப்பாணத்துக்கு ஓடுகிறது. நமது அமெரிக்க மிஷன் பாடசாலைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உண்டியும் உடையும் பெற்றுப் படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் பணம் உதவிய கொடையாளரின் பெயரைச் சூட்டினார்கள். பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய விசுவநாதபிள்ளை கறல் ஆனதும் அந்தக் காலத்து வழக்கப்படிதான். அந்தப் பாடசாலைகள் தந்த கல்வியை நான் குறைத்துப் பேசவில்லை. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியிராவிட்டால் நம் சமூகத்தின் கதை வேறாக இருந்திருக்கும். அதே உடுவிலில் 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்த எலைசா அக்னியூ அம்மையாரும் ஏமியைப் போலவே தாய்நாடு திரும்பாதவர்தாம். ஆனாலும், பிள்ளை கொடையாளியின் பெயரைச் சுமப்பதற்கும், வளர்ப்பவள் பிள்ளையின் மொழியில் ஓர் உறவுப் பெயரைச் சுமப்பதற்கும் இடையே தூரம் உண்டு.

1909இல் வெளிவந்த அவருடைய தாமரை மொட்டுகள் என்ற பொருளுடைய நூல் இந்தக் குழந்தைகளைப் பற்றியது. ஒவ்வொரு பிள்ளையின் குறும்பும் கோபமும் பேச்சும் அதில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இருந்தாலும் வாசிக்கும்போது அடியில் தமிழ் கேட்கிறது. பண்டிதரிடம் கற்றவர் எவருக்கும் இந்த மழலைத் தமிழ் கிடைத்திராது.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது வரலாறு ஆகாது, துதி ஆகிவிடும்.

அவர் தமிழ் வாழ்க்கைக்குள் வந்தார். தமிழரின் கோவிலை ஒருபோதும் அவரால் நேர்நின்று பார்க்க முடியவில்லை. அவருக்கு அது இருள் மாத்திரமே. தேவதாசி என்றதும் அவர் கண்டது சூடுபட்ட குழந்தையின் கையை. அந்தக் கையைக் கண்டவர் வேறெதையும் பார்க்க மறுத்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே சமூகத்துக்குள் இசை இருந்தது, ஆடல் இருந்தது, கல்வி இருந்தது. ஏமியின் வீட்டில் தொட்டில்கள் பெருகிக்கொண்டிருந்த அதே 1910இல், சென்னையில் பெங்களூர் நாகரத்தினம்மாள், முத்துப்பழனி என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண் கவியின் தெலுங்குக் காவியமாகிய ராதிகா சாந்துவனத்தைப் பதிப்பித்தார். கவியும் அந்த மரபினர், பதிப்பித்தவரும் அந்த மரபினர். இந்த உலகம் டோனாவூரின் மதிலுக்குள் எட்டவேயில்லை. குழந்தைகளைக் கோவிலுக்கு விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்ற குரல் அந்தப் பெண்களின் வழிவந்தோரிடமிருந்தே பின்னர் எழுந்தது என்பதையும் மறக்கலாகாது. தாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் தாசிகள் மோசவலை என்ற நாவலை எழுதினார். சட்டம் 1947இல் வந்தது.

சட்டத்தோடு ஏமிக்கும் வழக்கு உண்டு. 1910களின் தொடக்கத்தில், அடைக்கலமாக வந்திருந்த ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டுமென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுமி இரவோடிரவாக மறைந்தாள். ஆணுடையில் வெளியே கொண்டுசெல்லப்பட்டு, முடிவில் சீனாவில் ஒரு மிஷன் வீட்டில் வளர்ந்தாள். சிறையை எதிர்பார்த்திருந்த ஏமிக்குச் சிறை வாய்க்கவில்லை. பெற்ற தாயின் உரிமையை ஓர் அந்நியப் பெண், தன் மனச்சாட்சியை மாத்திரம் சாட்சியாகக் கொண்டு, மீறலாமா? அந்தப் பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு ஒரு பதில் வருகிறது. அந்தத் தாயின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் பதிலைச் சொல்ல நா எழவில்லை. அந்தத் தாயின் கதையை எவரும் நூலாக எழுதவில்லை.

டோனாவூருக்குள்ளும் எல்லாம் இணக்கமாக இருந்ததென்று எண்ண வேண்டாம். 1924இல் வந்து சேர்ந்த ஸ்டீபன் நீல், பிற்காலத்தில் திருநெல்வேலி அத்தியட்சரானவர், ஏமியோடு ஒத்துப்போக முடியாமல் அடுத்த ஆண்டே விலகினார். பிள்ளைகளை உலகத்திலிருந்து இவ்வளவு ஒதுக்கி வளர்க்கலாமா என்பது அன்று முதல் கேட்கப்பட்டுவந்த கேள்வி. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றார்கள். பிள்ளைத்தொகை நூற்றுக்கணக்கில் வளர்ந்தது. தாய் ஒருத்தி, பிள்ளைகள் இத்தனை பேர். மதில் உயராமல் இருந்திருக்குமா?

1931 ஒக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், மாலை இருளில் புதிதாக வெட்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓர் அறைதான் அவருடைய உலகம். நூல்கள் பல அங்கிருந்தே வந்தன. அவருக்குப் பின் பொறுப்பேற்பாள் என்று நம்பியிருந்த அருளாய், பதினொரு வயதில் அவருடைய பேச்சைக் கேட்டு வந்து சேர்ந்த பெண், 1939இல் அவருக்கு முன்னரே இறந்துபோனாள். பெறாத பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்துக்கு எந்த மொழியிலும் தனிச் சொல் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் அந்த அறையில் படுத்தபடியே பிள்ளைகளுக்கும் அக்காமாருக்கும் நாளாந்தம் சிறு குறிப்புகள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

1951 ஜனவரி 18ஆம் திகதி ஏமி கார்மைக்கேல் காலமானார். வயது 83. தம் புதைகுழியின்மேல் கல் நாட்ட வேண்டாமென்று சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே அமைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை அதில் பொறித்தார்கள்.